அகரவரிசை ஊர் ஆட்டம்: கேள்வி பதில்

புதிதாக வந்தவர்களுக்கு: அ-வில் தொடங்கி ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் ஊர். வண்டியும் ஊர்ப் பெயர்ப் பலகையும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். வரிசை தாண்டக் கூடாது. ஆம்பூர் முடித்து இளையான்குடி, அங்கிருந்து ஈரோடு என்று அலைய வேண்டியதுதான். இரண்டு சுற்று முடித்தவன் என்பதால் என்னைப் பதில் சொல்ல உட்கார வைத்திருக்கிறார்கள்.

கே: நூறு சிசி வண்டி போதுமா அண்ணா?

ப: போதும். செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.

கே: ஊ-வுக்கு ஊட்டி செல்லுமா?

ப: அங்கே ரயில் நிலையப் பலகையில் உதகமண்டலம் என்று இருக்கிறது, அது உ. ஊத்தங்கரை இருக்கிறது, வெண்ணெய்க்குப் பேர் போன ஊத்துக்குளி இருக்கிறது. அங்கே போங்கள்.

கே: ரயில் நிலையத்து மஞ்சள் பலகைதான் அழகு. வண்டியை நடைமேடையில் ஏற்றலாமா?

ப: கூடவே கூடாது. ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் அத்துமீறி நுழைந்தால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. வாசலில் இருக்கும் பெயரை எடுத்தால் போதும். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்துவதானாலும் பின்னால் லாரி வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கேமராவை எடுங்கள்.

கே: ஔ-வுக்கு எந்த ஊர்?

ப: அந்த எழுத்தை ஆட்டத்தில் விட்டுவிட்டோம். ஆரோவில் என்று யாரும் வராதீர்கள். தமிழில் அது ஆ.

கே: ஐ-க்கு ஐயம்பேட்டை போட்டிருக்கிறீர்கள். பேரூராட்சி அய்யம்பேட்டை என்றுதானே எழுதுகிறது? அப்போது அது அ அல்லவா?

ப: இதற்காகத்தான் போன சுற்றில் இரண்டு பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் பெரியார் சொன்ன ணை, லை, றா போன்றவற்றை அரசு ஏற்றது. ஐ-யை அய் என்றும் ஔ-வை அவ் என்றும் மாற்றுவதை ஏற்கவில்லை. ஆனாலும் அய் எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே என் விதி: படத்தில் எந்த எழுத்து தெரிகிறதோ அதுதான் கணக்கு. தஞ்சாவூர்ப் பக்கம் போனால் ஐ போட்ட பலகையைத் தேடி எடுங்கள். கடைப் பலகையானாலும் சரி.

கே: அப்படியானால் ராமநாதபுரம் ர-வா? தொல்காப்பியப்படி ர மொழிக்கு முதலில் வராது. இராமநாதபுரம் என்று இ-யில்தான் வைக்க வேண்டும்.

ப: இரண்டு விதமாகவும் பலகை உண்டு. எதை எடுக்கிறீர்களோ அந்த வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: இலக்கணம் அப்படி வளையாது ஐயா. லால்குடியும் இலால்குடிதான்.

ப: சரி, இலக்கணத்துக்கே வருவோம். அதே தொல்காப்பியம் ச-வும் முதலில் வராது என்கிறது. சா வரலாம், சி வரலாம், வெறும் ச வராது. சத்தியமங்கலத்தையும் சங்கரன்கோவிலையும் எங்கே வைக்கப் போகிறீர்கள்? ஊர்க்காரர்களைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

கே: ஔ-வுக்கு ஏதாவது...

ப: மேலே பார்க்கவும்.

கே: ஞ, ட இரண்டிலும் மாட்டிக்கொண்டேன்.

ப: இது நல்ல கேள்வி. ட-வுக்கு சேலம் மாவட்டத்தில் டேனிஷ்பேட்டை. மதுரைப் பக்கம் டி.கல்லுப்பட்டியும் இருக்கிறது, ஆனால் முதலெழுத்தைக் காட்டி ஏமாற்றுவதாகச் சிலர் முணுமுணுப்பார்கள். யா-வுக்கு யா.ஒத்தக்கடையை ஒப்புக்கொண்டவர்கள்தான் அவர்களும்!

ஞ-வுக்கு ஞாயிறு. செங்குன்றத்துக்கு அந்தப் பக்கம், சுந்தரர் மணந்த சங்கிலியார் பிறந்த ஊர். நான் போன அன்று முந்தைய நாள் மழை. பலகைக்குக் கீழே நிறுத்தினேன், சைடு ஸ்டாண்ட் சேற்றில் மெல்ல இறங்கியது, வண்டி என் பக்கமாகச் சாய்ந்தது. ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனைத் தேடுகிறேன். டீக்கடை அம்மா ஓர் ஓட்டுத் துண்டைக் கொண்டுவந்து ஸ்டாண்டுக்கு அடியில் செருகிவிட்டு, "கெழமையில பேர் வச்ச ஊருக்கு செவ்வாக்கெழமை வந்திருக்கியேப்பா" என்றார். அன்றிலிருந்து ஒரு தட்டையான மரத்துண்டு என் பையிலேயே இருக்கிறது. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: அண்ணா, ஔ-வுக்கு மகாராஷ்டிரா வரை போகத் தயார். ஔரங்காபாத்?

ப: தம்பி, அதை 2023-இல் சத்ரபதி சம்பாஜிநகர் ஆக்கிவிட்டார்கள். இப்போது அது ச. தொல்காப்பிய நண்பரைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.