ஜன்னலில் ஒட்டிய விளக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

யூத வெறுப்புக்கு எதிராகப் பிற மதத்தவர் ஒன்றுகூடுவதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். கைகோத்து நின்று படம் எடுத்துக்கொண்டால் வெறுப்பு போய்விடுமா? கல்லெறிகிறவன் எறிந்துகொண்டுதான் இருப்பான்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படத்துக்காக நிற்பவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கல்லெறிகிறவனைப் பற்றிச் சொன்னீர்கள். அதனால் பில்லிங்ஸ் என்ற ஊரின் கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இருக்கிறது அந்த ஊர். 1993இல் ஏறத்தாழ 80,000 பேர் வாழ்ந்தார்கள். யூதக் குடும்பங்கள் மிகக் குறைவு. அந்த டிசம்பரில் ஓர் இரவு, ஐந்து வயதுச் சிறுவனின் படுக்கையறை ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு கல் உள்ளே விழுந்தது. யூதர்களின் ஹனுக்கா திருநாளுக்காக அந்தக் கண்ணாடியில் மெனோரா விளக்கின் படம் ஒட்டியிருந்தது. நல்லவேளை, பிள்ளை அப்போது அறையில் இல்லை. படத்தை எடுத்துவிடுவது நல்லது என்று காவல்துறையிலிருந்து ஆலோசனை வந்தது. பிள்ளையிடம் என்ன காரணம் சொல்லி அதை உரிப்பது? தாய் பத்திரிகையிடம் பேசினார்.

செய்தியைப் படித்த மார்கரெட் மெக்டொனால்டு, மொன்டானா தேவாலயங்களின் சங்கத்தில் பணியாற்றியவர், தம் போதகரை அழைத்தார். மெனோரா படத்தை நகலெடுத்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். பிறகு பில்லிங்ஸ் கெசட் நாளிதழ் முழுப்பக்க மெனோராவை அச்சிட்டது. ஆயிரக்கணக்கான வீடுகள் அதைக் கத்தரித்து ஜன்னலில் ஒட்டின. யூதர்களை அடையாளம் காட்ட நாஜிகள் அணியவைத்த மஞ்சள் நட்சத்திரத்தை, அவர்களை எதிர்த்து டென்மார்க் மன்னரும் அணிந்தார் என்ற கதைதான் மார்கரெட்டின் மனதில் இருந்தது. அது வெறும் கதை, மன்னர் அணியவில்லை. ஆனால் 1943 அக்டோபரில் டென்மார்க் மக்கள் 7,000க்கு மேற்பட்ட யூதர்களைப் படகேற்றி சுவீடனுக்கு அனுப்பினார்களே, அது உண்மை.

கல்லெறிகிறவன் உடனே நிறுத்திவிடவில்லை, நீங்கள் சொன்னது சரிதான். மெனோரா ஒட்டிய மெதடிஸ்ட் தேவாலயங்களின் கண்ணாடிகள் உடைந்தன. யூத நண்பர்களுக்கு வாழ்த்துப் பலகை வைத்த கத்தோலிக்கப் பள்ளியின் ஜன்னல் சுடப்பட்டது. நான் பாராட்டியது இதைத்தான். ஒரு குழந்தையின் அறைக்குள் விழுந்த கல்லில் தங்கள் பங்கையும் அவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஜன்னல்களில் மெனோராக்கள் இன்னும் கூடின. எது யூதர் வீடு என்று தெருவில் நின்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்