தாஸா பள்ளிவாசலும் காவல் இல்லாத ஊர்களும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஈராக் பற்றிய உங்கள் கட்டுரையில் தாஸா குர்மாத்து பள்ளிவாசல் குண்டுவெடிப்பைக் குறிப்பிட்டு, 'இந்தச் சாவுகளுக்கு ஆக்கிரமிப்பும் பதில் சொல்லியாக வேண்டும்' என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் குவைத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். என்னோடு ஷியாக்களும் இருந்தார்கள், சுன்னிகளும் இருந்தார்கள். ஒன்றாகச் சாப்பிடுவார்கள், தொழப் போகும் பள்ளி மட்டும் வேறு. கேட்டால், நபியின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்ட கர்பலாவில் தொடங்கிய கணக்கு என்பார்கள். 1,400 ஆண்டுப் பகைக்கு, 2003இல் வந்து இறங்கிய அமெரிக்கர்கள் எப்படிப் பொறுப்பாவார்கள்? லாரியில் வெடிமருந்து ஏற்றியவன் அமெரிக்கன் இல்லையே?

இன்னொன்று. அந்தக் குண்டு வெடித்தது அமெரிக்கப் படைகள் நகரங்களிலிருந்து வெளியேறப் பத்து நாள் இருக்கும்போது. அப்படியென்றால் அவர்கள் இருந்ததால் அல்ல, போவதால்தான் அது வெடித்தது என்று ஆகிறது. அவர்கள் தங்கியிருந்தால் அந்த மக்கள் பிழைத்திருப்பார்களோ என்னவோ. சினமில்லாமல்தான் கேட்கிறேன்.

கே., திருச்சி

அன்புள்ள கே.,

சினத்தோடு கேட்டிருந்தாலும் பரவாயில்லை. மூன்று கேள்விகளும் கேட்கப்பட வேண்டியவைதான்.

முதலில், கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தாஸா குர்மாத்து, வடக்கு ஈராக்கில் கிர்க்குக் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர். அங்கிருப்பவர்களில் பெரும்பாலோர் ஷியா துருக்மென்கள், துருக்கிய வகை மொழி பேசும் இனத்தவர். 2009 ஜூன் 20, சனிக்கிழமை. லுஹர் என்னும் நண்பகல் தொழுகை முடித்து மக்கள் அர்-ரசூல் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தபோது, அருகில் ஒரு லாரி வெடித்தது. எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

இறந்தவர்கள் எல்லாரும் பள்ளிவாசலில் இருந்தவர்கள் அல்லர். சுற்றியிருந்த வீடுகள் வெயிலில் காயவைத்த களிமண் கல்லால் கட்டியவை. கான்கிரீட் கட்டடம் சரிந்தால் பலகைகளுக்கு இடையே எங்காவது ஒரு சந்து மிஞ்சும், அதில் சிக்கிய ஆள் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பார். மண்சுவர் அப்படி விழாது. பொடிந்து, உள்ளே இருப்பவரை நிரப்பி மூடிவிடும். தொழுகைக்குப் போகாமல் வீட்டில் இருந்த பெண்களும் குழந்தைகளும் அப்படி மூடப்பட்டார்கள். கனரக லாரியில் வெடிமருந்தை ஏற்றி மண்வீட்டு ஊருக்குள் அனுப்புகிறவனுக்கு இது தெரியும். தெரிந்துதான் அனுப்புகிறான். ஆகவே, கொலைகாரன் யார் என்பதில் உங்களுக்கும் எனக்கும் வழக்கே இல்லை. ஷியாக்களைக் கொல்வதை மார்க்கக் கடமையாகச் சொன்ன ஆயுதக் குழுக்கள் அந்த வட்டாரத்தில் ஆண்டுக்கணக்காக இதைச் செய்துவந்தன. அவர்களுக்கு அமெரிக்கப் படையெடுப்பு ஒரு சாக்கு. அந்தச் சாக்கை நான் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

ஆனால் 1,400 ஆண்டு என்கிறீர்களே, அங்கேதான் நான் உங்களோடு உடன்பட மாட்டேன். கர்பலாவின் துயரம் உண்மை, அது ஆண்டுதோறும் அழப்படுவதும் உண்மை. அதிலிருந்து 2009இன் வெடிமருந்து லாரிக்கு நேராகச் சாலை போட முடியாது. ஈராக்கின் ஷம்மார், ஜுபூர் போன்ற பெரிய அரபுக் குலங்களில் ஒரே குலத்துக்குள் ஷியாக்களும் சுன்னிகளும் இருக்கிறார்கள். கிர்க்குக் துருக்மென்களிலும் இரு பிரிவினரும் உண்டு, பேசுவது ஒரே மொழி. 1920இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஈராக் கிளர்ந்தபோது, பாக்தாதில் சுன்னிப் பள்ளிவாசலிலும் ஷியாப் பள்ளிவாசலிலும் மாறிமாறிக் கூட்டங்கள் நடந்தன. நபியின் பிறந்தநாள் மவ்லிதும் ஹுசைனுக்கான இரங்கலும் ஒரே கூட்டத்தில் ஓதப்பட்டன. அதுவும் ஓர் அந்நியப் படை ஊருக்குள் இருந்த காலம்தான். அன்று அது இவர்களைச் சேர்த்தது.

2003இல் ஏன் பிரித்தது? அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்க நிர்வாகம் அமைத்த ஆட்சிக் குழுவைப் பாருங்கள். மொத்தம் 25 பேர். ஷியா அரபுகள் 13, சுன்னி அரபுகள் 5, குர்துகள் 5, அசிரியக் கிறிஸ்தவர் 1, துருக்மென் 1. கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கூட அந்தக் கணக்கில் ஷியா இருக்கையில்தான் வைக்கப்பட்டார்! ஒரு நாட்டின் அரசியலை இப்படி எண்ணிப் பங்கிட்டுக் கொடுத்தால், ஒவ்வொருவரும் தன் எண்ணிக்கையைக் கூட்டவும் அடுத்தவன் எண்ணிக்கையைக் குறைக்கவும்தான் பார்ப்பார்கள். பின்னாளில் ஈராக் அல்-காய்தாவின் தலைவரான ஜர்காவி அதை நன்றாகப் புரிந்துகொண்டார். ஷியாக்களைத் தாக்கி, பதிலுக்கு அவர்கள் பழிவாங்கும்படி தூண்டினால் சுன்னிகள் தம் பக்கம் வந்துசேர்வார்கள் என்று அவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதத்தை 2004 பிப்ரவரியில் அமெரிக்கர்களே வெளியிட்டார்கள். பழைய பகை தானாகப் பொங்கவில்லை. ஒருவர் திட்டமிட்டுப் பற்றவைத்தார், இன்னொருவர் அதற்கு வேண்டிய விறகை வரிசையாக அடுக்கிக் கொடுத்திருந்தார்.

அடுத்து, பொறுப்பு. 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகளில் 43ஆவது பிரிவு, ஒரு நிலப்பகுதியைக் கைப்பற்றிய படை அங்கே பொது ஒழுங்கையும் பாதுகாப்பையும் இயன்றவரை மீட்டு நிலைநாட்ட வேண்டும் என்கிறது. 2003 மே 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483ஆம் தீர்மானம், அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஆக்கிரமிப்பு அதிகாரம் கொண்ட நாடுகள் என்று அவர்கள் ஒப்புதலோடே எழுதியது. மறுநாள், மே 23 அன்று, அதே அமெரிக்க நிர்வாகம் தன் இரண்டாவது ஆணையால் ஈராக் ராணுவத்தைக் கலைத்தது. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சம்பளமில்லாமல், துப்பாக்கியோடு வீட்டுக்குப் போனார்கள். ஆயுதக் கிடங்குகளுக்குக் காவல் இல்லை. அல்-ககா என்ற ஒரே இடத்திலிருந்து மட்டும் முந்நூறு டன்னுக்கு மேல் வீரியமிக்க வெடிமருந்து காணாமல் போனது 2004இல் வெளியே வந்தது. லாரி ஓட்டியவன் அமெரிக்கன் இல்லை, சரி. லாரியில் ஏற்றும் சரக்குக்குக் காவல் போட வேண்டியவன் யார்?

2004 ஜூன் 28 அன்று அதிகாரம் இடைக்கால அரசுக்கு மாற்றப்பட்டதும் ஆக்கிரமிப்பு சட்டப்படி முடிந்துவிட்டது என்று சிலர் என்னைத் திருத்த வருவார்கள். காகிதத்தில் முடிந்தது. 2009 கோடையில் அங்கே இன்னும் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இருந்தார்கள். தாஸா மக்களிடம் போய், அந்த அதிகார மாற்றத்தை ஏற்ற ஐ.நா.வின் 1546ஆம் தீர்மானத்தைப் படித்துக் காட்ட எனக்கு மனமில்லை.

இதெல்லாம் ஈராக் முழுவதற்கும் பொருந்தும். தாஸா ஏன் என்பதற்கு வேறு விடை இருக்கிறது. அதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்திகளில் இது 'மதவாதத் தாக்குதல்' என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது.

கிர்க்குக்கின் எண்ணெய் 1927இலிருந்து உலகுக்குத் தெரியும். சதாம் ஆட்சி அங்கிருந்து குர்துகளையும் துருக்மென்களையும் விரட்டி அரபுகளைக் குடியேற்றியது. தாஸாவுக்குப் பக்கத்தில் பஷீர் என்றொரு துருக்மென் கிராமம் உண்டு. 1980களில் அந்த ஊரையே காலி செய்து நிலத்தை அரபுகளுக்குக் கொடுத்தார்கள். 2003க்குப் பிறகு விரட்டப்பட்டவர்கள் திரும்பி வந்தார்கள். நிலம் யாருக்கு, கிர்க்குக் மாகாணம் பாக்தாதுக்கா குர்துப் பிராந்தியத்துக்கா என்பவை பெரிய கேள்விகள். 2004 மார்ச்சில் அமெரிக்கர் மேற்பார்வையில் எழுதப்பட்ட இடைக்காலச் சட்டத்தின் 58ஆவது பிரிவு இதைத் தள்ளிப்போட்டது. 2005 அரசியலமைப்பின் 140ஆவது பிரிவு 2007 டிசம்பர் 31 என்று கெடு வைத்தது. கெடு கடந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

இடையில் என்ன ஆயிற்று? சிரிய எல்லையிலிருந்து ஈரான் எல்லைவரை ஒரு நீண்ட பட்டை நிலம் யாருக்கும் முழுதாகச் சொந்தமில்லாமல் கிடந்தது. ஒரு பக்கம் ஈராக் ராணுவம், மறுபக்கம் குர்துகளின் படையான பெஷ்மெர்கா. 2008 ஆகஸ்டில் ஈரான் எல்லையோர நகரான கானகீனில் இரண்டும் ஒன்றையொன்று சுடும் நிலைக்கு வந்தன. பங்காளிகள் வழக்காடும் நிலத்தில் வேலி போட்டால் உரிமை கொண்டாடுவதாக ஆகிவிடும் என்று இருவருமே போடாமல் விடுவார்கள், அந்த நிலைதான். அந்தப் பட்டையில் வாழ்ந்தவர்களோ பெரும்பாலும் சிறு இனங்கள். துருக்மென்கள், ஷபக்குகள், காகையிகள், யஸீதிகள், கிறிஸ்தவர்கள். எவருக்கும் சொல்லிக்கொள்ளும்படி படை இல்லை.

2009 கோடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் தாஸா. ஆகஸ்ட் 7, வெள்ளிக்கிழமை, மோசூலுக்கு வடக்கே ஷிரிகான் கிராமத்தில் துருக்மென் ஷியாப் பள்ளிவாசலுக்கு வெளியே லாரி வெடித்து நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். ஆகஸ்ட் 10, மோசூலுக்குக் கிழக்கே ஷபக்குகளின் கஸ்னா கிராமம். விடியுமுன் இரண்டு லாரிகள். வெக்கைக்காக மொட்டைமாடியில் படுத்திருந்தவர்கள் வீட்டோடு சரிந்தார்கள். செப்டம்பர் 10, காகையி குர்துகளின் வர்தக் கிராமம். அங்கே வந்த இரண்டாவது லாரியின் ஓட்டுநரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றதால் சாவு பாதியோடு நின்றது. எல்லாம் அந்தப் பட்டையின் ஊர்கள். கஸ்னாவின் இடிபாடுகளைக் கிளறி முடிக்குமுன்பே அரபு அரசியல்வாதிகளும் குர்து அரசியல்வாதிகளும் பாதுகாப்புக் குறைவுக்கு ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டார்கள். ஷபக்குகளை யாரும் கேட்கவில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கர்கள் தங்கியிருந்தால் அந்த மக்கள் பிழைத்திருப்பார்களா? தங்கியிருந்த காலத்தையே பார்ப்போம். 2007 கோடையில், கூடுதல் படை அனுப்பப்பட்டு, ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்க வீரர்கள் ஈராக்கில் இருந்தபோது, ஜூலை 7 அன்று அமெர்லியின் சந்தையில் லாரி வெடித்தது. அதுவும் துருக்மென் ஷியா ஊர், அங்கும் மண்வீடுகள். 130க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆகஸ்ட் 14 அன்று சிஞ்சார் அருகே இரண்டு யஸீதி கிராமங்களில் நான்கு வண்டிகள் வெடித்து, செம்பிறைச் சங்கக் கணக்குப்படி ஏறத்தாழ 500 பேர் இறந்தனர். 2003க்குப் பிந்தைய ஈராக்கில் அதைவிடப் பெரிய குண்டுவெடிப்பு அதுவரை நடந்ததில்லை. பாக்தாதிலும் மேற்கே அன்பார் மாகாணத்திலும் துரத்தப்பட்ட குழுக்கள் வடக்கே, காவல் தளர்ந்த இடங்களுக்கு நகர்ந்திருந்தன. அமெர்லிக்குப் பிறகு துணை அதிபர் தாரிக் அல்-ஹாஷிமி, அரசால் காக்க முடியாவிட்டால் மக்களே ஆயுதம் ஏந்திக்கொள்ளட்டும் என்ற பொருளில் பேசினார். அவர் சுன்னி. ஷியா ஊருக்காகப் பேசினார். உங்கள் 1,400 ஆண்டுக் கணக்கில் இதை எங்கே எழுதுவீர்கள்?

தாஸா வெடிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு பிரதமர் மாலிக்கி பாக்தாதில் துருக்மென் தலைவர்களிடம், அமெரிக்கர் வெளியேறுவது பெரும் வெற்றி, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாதுகாப்பு தவறினால் மனம் தளராதீர்கள் என்று பேசியிருந்தார். ஈராக் அரசை நான் விட்டுவிடவில்லை என்பதற்காக இதையும் சொல்கிறேன். கஸ்னா நடந்த பிறகுதான் அமெரிக்கத் தளபதி ஓடியெர்னோ, சர்ச்சைக்குரிய பட்டையில் அமெரிக்கர், ஈராக் ராணுவம், பெஷ்மெர்கா மூவரும் சேர்ந்து ரோந்து போகலாம் என்ற யோசனையை முன்வைத்தார். 2010 தொடக்கத்தில் கூட்டுச் சோதனைச் சாவடிகள் வந்தன. செய்ய முடிந்த காரியம்தான் என்று அதனால் தெரிகிறது. ஆறு ஆண்டு முன்பே, தாம் மட்டுமே அந்த நிலத்தின் எசமானர்களாக இருந்தபோது, அமெரிக்கர்கள் அதை ஏன் செய்யவில்லை என்பதே என் கேள்வி. நான் எழுதிய வரி அதைத்தான் கேட்கிறது, ஆகவே அதை மாற்றவில்லை. 2011 டிசம்பரில் கடைசி அமெரிக்கப் படை போனதும் அந்த ஏற்பாடும் தேய்ந்துபோனது. கிர்க்குக் யாருக்கு என்பது அப்போதும் முடிவாகவில்லை.

பிறகு நடந்ததை நீங்கள் நாளிதழில் படித்திருப்பீர்கள். 2014 ஜூனில் மோசூல் ஐ.எஸ். அமைப்பிடம் விழுந்தது. நான் சொன்ன பஷீர் கிராமம் ஐ.எஸ். கையில் போனது. 2016 மார்ச்சில் அங்கிருந்து தாஸாவின் மேல் ரசாயனம் நிரப்பிய ராக்கெட்டுகள் ஏவப்பட்டன. நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தோல் வெந்தது, மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள்.

அமெர்லி மட்டும் விழவில்லை. ஹாஷிமி சொன்னதை அந்த ஊர்க்காரர்கள் ஏழு ஆண்டு கழித்துச் செய்தார்கள். சுற்றிவளைக்கப்பட்ட ஊரில் பதுங்குகுழி வெட்டி, கையிலிருந்த துப்பாக்கிகளோடு இரண்டு மாதத்துக்கும் மேல் தாக்குப்பிடித்தார்கள். 2014 ஆகஸ்ட் 31 அன்று முற்றுகை உடைந்தது. உடைத்தவர்கள் ஈராக் ராணுவம், ஷியா ஆயுதக் குழுக்கள், பெஷ்மெர்கா, மேலே அமெரிக்க விமானங்கள். அந்தப் பட்டைக்கு யார் காவல் என்று பத்து ஆண்டுகளாக முடிவு செய்யாதவர்கள் அனைவரும் அன்று ஒரே ஊரின் வாசலில் நின்றார்கள்.