6,000 வெள்ளிக்கு முன்னும் பின்னும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வயது 29, சிங்கப்பூர் வந்து எட்டு மாதம், எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதி), சம்பளம் 4,600 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். சின்ன கம்பெனி. பழைய மெஷின்களுக்குப் புது கண்ட்ரோல் பேனல் போட்டு, பிஎல்சிக்கு (மெஷினை இயக்குகிற சின்னக் கணினி) புரோகிராம் எழுதி ஓட வைக்கிறீர்கள். அந்த வேலை உயிர். இப்போது பெரிய கம்பெனி ஒன்று 6,200 வெள்ளிக்குக் கூப்பிடுகிறது. அங்கே முழுக்க டாக்குமெண்ட் வேலை. மனைவியும் இரண்டு வயது மகளும் தஞ்சாவூரில். "பிடித்த வேலையை விடாதே என்கிறார்கள் நண்பர்கள், சம்பளத்தைப் பார் என்கிறார் மாமனார். என்ன செய்யட்டும் அண்ணா?"

முதலில் ஒன்றைச் சொல்கிறேன். இந்த ஊரில் உங்களைப் போல பாஸில் இருப்பவனுக்குச் சம்பளம் வெறும் பணம் இல்லை. எஸ் பாஸில் இருப்பவர் மனைவியையும் பிள்ளையையும் டிபெண்டன்ட் பாஸில் (குடும்பத்தினர் கூடத் தங்குவதற்கான அனுமதி) அழைத்து வர, நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். உங்கள் 4,600க்கும் அந்த 6,200க்கும் நடுவில் இந்தக் கோடு ஓடுகிறது. எந்த வேலை பிடிக்கும் என்பதற்கு முன்னால், மகள் உங்களோடு வளர வேண்டுமா என்ற கேள்வி நிற்கிறது.

நானும் இதே இடத்தில் நின்றவன். 2009ல் வந்தேன். துவாஸில் ஒரு பம்ப் ரிப்பேர் பட்டறையில் வேலை. கப்பல்களிலிருந்து கழற்றி வரும் பம்புகளைப் பிரித்தால், இம்பெல்லரில் (தண்ணீரைத் தள்ளுகிற சுழல் சக்கரம்) அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருக்கும். அந்தக் குழிகள் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று பார்த்தே பம்பு எப்படி ஓட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம். ஓடுகிற பம்பின் பேரிங் மேல் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பேன். சீரான இரைச்சலுக்குள்ளே மெல்லியதாக ஒரு கரகரப்பு வந்தால், அந்த பேரிங்குக்கு நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். காலையில் ஜூ கூன் ஸ்டேஷனில் இறங்கி கம்பெனி வேனுக்கு ஓடும்போதே, நேற்று பாதியில் விட்ட பம்பு மனதில் ஓடும். அப்படி ஒரு வேலை.

2013ல் என் சம்பளம் 3,400. குடும்பத்தை அழைக்க அப்போது 4,000 வேண்டும். அதற்கு முந்தைய வருடம்தான் 2,800லிருந்து ஏற்றியிருந்தார்கள். (பிறகு 2015ல் 5,000, 2018ல் 6,000.) மகன் காரைக்குடியில் ஒன்றரை வயது. ஒருநாள் சார்ஜரில் கிடந்த போனைக் காட்டி, "அப்பா தூங்குது" என்று பாட்டியிடம் சொன்னானாம். மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அடுத்த மாதமே 4,300 வெள்ளிக்கு இன்னொரு கம்பெனியில் கொட்டேஷன் தயாரிக்கிற வேலைக்குப் போனேன். பம்பை எக்செல்லில் மட்டும் பார்க்கிற வேலை. ஆனால் சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்தால் பையன் ஓடி வருவான். அந்த மூன்று வருடத்துக்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

வருத்தம் அதற்கு அடுத்த இரண்டு வருடத்துக்குத்தான். 2016ல் எங்களுக்கு பிஆர் (நிரந்தரவாசம்) கிடைத்தது. பாஸ் கவலை முடிந்தது, கோடும் இல்லை. அன்றே பட்டறைக்குத் திரும்பியிருக்கலாம். சம்பளம் ஏறி 6,500 ஆகியிருந்தது, விட மனம் வரவில்லை. அந்தக் கூடுதல் பணத்தில் எதை வாங்கினேன் என்று இப்போது யோசித்தால் நினைவுக்கே வரவில்லை. ஒருவழியாக 2018ல் 5,200க்குப் பழைய பட்டறைக்கே போனேன். முதல் நாள் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தேன். வெறும் இரைச்சல்தான் கேட்டது. காது பழைய நிலைக்கு வர ஏழெட்டு மாதம் ஆனது.

திரும்பிப் போன அன்று பட்டறை முதலாளி ஒன்று சொன்னார். வயதான சீனர், அதிகம் பேசமாட்டார். "2013ல் 600 வெள்ளிதான் குறைந்தது என்று எனக்குத் தெரியாது. நீ கேட்கவே இல்லையே." அதனால் சொல்கிறேன், முதலில் உங்கள் முதலாளியிடம் போய் உட்காருங்கள். வேறு கம்பெனி கூப்பிடுகிறது என்று மிரட்டுகிற மாதிரி வேண்டாம். "மகளை அழைத்து வர 6,000 வேண்டும், எனக்கு இங்கேயே இருக்கத்தான் ஆசை" என்று உள்ளதைச் சொல்லுங்கள். 1,400 வெள்ளி சின்னத் தொகை இல்லை, முடியாது என்றும் சொல்லலாம். ஆனால் எஸ் பாஸ் ஆளுக்கு மாதம் 650 வெள்ளி லெவி என்று அரசுக்குக் கட்டுகிறவர், கோட்டாவில் (எஸ் பாஸ் ஆட்கள் எத்தனை பேர் வைக்கலாம் என்ற வரம்பு) கிடைத்த ஓரிரு இடத்தில் உங்களை வைத்திருப்பவர், உங்களை இழந்தால் என்ன நஷ்டம் என்று அவருக்கே கணக்குத் தெரியும். இப்போது பாதி, ஆறு மாதத்தில் மீதி என்றாலும் யோசிக்கலாம். அதை எழுத்தில் வாங்குங்கள்.

அவர் முடியாது என்றால், என் பதில் 6,200. மகளுக்கு இரண்டு வயது. பிஎல்சி காத்திருக்கும்.

ஆனால் பணம் மிச்சமாகும் என்று நினைத்துப் போகாதீர்கள், மிச்சம் குறையத்தான் செய்யும். கூடுகிற 1,600ல் வருமான வரி ஏழு சதவீதம், மாதம் 110 வெள்ளிக்கு மேல். இப்போது அறைக்கு 700 கொடுக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஜூரோங் பக்கம் மூன்றறை வீவக வீடு (அரசு அடுக்குமாடி வீடு) முழுதாக எடுத்தால் 2,500க்குக் கீழே கிடைப்பது கடினம். குழந்தைப் பராமரிப்பு மானியம் குடிமக்களுக்குத்தான், உங்களுக்கு முழுக் கட்டணம். டிபெண்டன்ட் பாஸில் வருகிற மனைவி, தனக்கென்று ஒரு வேலை பாஸ் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. முதலாளியும் பங்கு போடுகிற சிபிஎஃப் சேமநிதியும் பிஆர் ஆகும்வரை கிடையாது. இதையெல்லாம் மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் அங்கே வேலையை விட்டுவிட்டு வருவதாக இருந்தால் அந்தச் சம்பளத்தையும் கணக்கில் எடுங்கள்.

அப்புறம், ஆஃபர் கடிதத்தை நன்றாகப் பாருங்கள். 6,200 என்று வாயால் சொல்வார்கள். கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 5,000, மீதி ஓவர்டைம், மாதா மாதம் மாறுகிற அலவன்ஸ் என்று இருக்கும். ஓவர்டைமும் மாறும் அலவன்ஸும் போனஸும் நிலையான சம்பளத்தில் சேராது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் இப்படித்தான் மாறினான். மனைவிக்குப் பாஸ் கிடைக்கவில்லை, பிடித்த வேலையும் போச்சு. அடிப்படையும் நிலையான அலவன்ஸும் சேர்ந்து 6,000 தாண்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். புதுக் கம்பெனி எடுக்கிற எஸ் பாஸுக்கான முன் அனுமதிக் கடிதம் கைக்கு வருகிற வரை ராஜினாமா கொடுக்காதீர்கள். அங்கே கோட்டா இல்லையென்றால் எல்லாம் அந்தரத்தில் நிற்கும்.

போகிறதாக இருந்தால், பழைய முதலாளியோடு முகம் கோணாமல் போங்கள். சனிக்கிழமைகளில் வீட்டில் ஒரு பழைய பிஎல்சியை வைத்து எழுதிக்கொண்டே இருங்கள். நான் அதைச் செய்யவில்லை, அதனால்தான் காது போனது.

முதலாளியிடம் பேசிவிட்டு எழுதுங்கள். வீடு பார்ப்பதாக இருந்தால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் சொல்லுங்கள், நான் பூன் லேயில்தான் இருக்கிறேன். கூடவே வந்து பார்க்கிறேன்.