சாதம் இல்லாமல் ஒரு வீடு நடக்குமா?

கேள்வி: எனக்கு 43 வயது, எடை 72 கிலோ. கூட்டுறவு வங்கியில் வேலை. போன மாதம் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.2 என்று வந்தது. "எல்லையில் நிற்கிறீர்கள், எடையைக் குறைக்கப் பாருங்கள்" என்றார் டாக்டர். கணவருக்கு 49 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் சில வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறார். எங்கள் கிளையில் ஒருவர், சோறு, இட்லியை விட்டுவிடும் பேலியோ டயட் இருந்து ஆளே பாதியாகிவிட்டார். காலையில் நூறு பாதாம், மதியம் முட்டை, ராத்திரி சிக்கன் என்கிறார். நாங்கள் இருவரும் சேர்ந்தே ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறோம். ஆனால் வீட்டில் மாமியாரும் பத்தாவது படிக்கும் மகனும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் நான் ஒருத்திதான் சமைக்க வேண்டும். செவ்வாய், வெள்ளி கவிச்சி கிடையாது. பாதாம் விலையைக் கேட்டாலே மயக்கம் வருகிறது. "சோறு பொங்காத வீடு வீடா?" என்கிறார் மாமியார். இது நமக்கெல்லாம் சரிப்படுமா? பி.கு: அடுத்த மாதம் நாத்தனார் மகள் கல்யாணம் வேறு வருகிறது. சர்க்கரைக்குப் பதில் தேன், கருப்பட்டி சேர்க்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரி,

சேர்ந்தே ஆரம்பிக்கிறோம் என்கிறீர்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். நீங்கள் வருகிற திங்கட்கிழமையே ஆரம்பிக்கலாம். உங்கள் கணவர் தன் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

அவருடைய மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். கம்பெனி வைத்த பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு என்று இருந்தால், அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற ரகம். வயிற்றுக்குள் சோறு போயிற்றா, ஆம்லெட் போயிற்றா என்று அது பார்க்காது. சோற்றைக் குறைத்துவிட்டு மாத்திரையை அதே அளவில் போட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு, கண் இருட்டிக்கொண்டு வருவது எல்லாம் அதற்கான அறிகுறிகள். வண்டி ஓட்டும்போது வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை என்றால் சிக்கல் வேறு மாதிரி. மாவுச்சத்தை அறவே நிறுத்தினால், உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இருக்கலாம் என்பதால், வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்து "நார்மல்தான்" என்று ஏமாந்துவிடுவோம். மெட்ஃபார்மின் மட்டும்தான் என்றால் இந்தப் பயம் அநேகமாக இல்லை. பிரஷர் மாத்திரையையும் மறக்கக் கூடாது. மாவுச்சத்து குறைந்ததும் உடம்பு உப்பையும் நீரையும் வெளியேற்றும், பிரஷர் தானாகவே இறங்கும். பழைய அளவு மாத்திரையும் சேர்ந்துகொண்டால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும்.

டாக்டரிடம் போய் "பேலியோ இருக்கலாமா?" என்று கேட்காதீர்கள். பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். "சோற்றையும் இட்லியையும் முக்கால்வாசி குறைக்கப் போகிறேன், எந்த மாத்திரையை எவ்வளவு மாற்ற வேண்டும்?" என்று கேட்கச் சொல்லுங்கள். அப்படியே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின், கூடவே கொழுப்பு அளவுகள் பார்த்துவிடுவது நல்லது. சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் தட்டு நிறைய கறியும் முட்டையும் ஆகாது. இன்னொன்று, உங்கள் அலுவலக நண்பர் மாத்திரையை நிறுத்தியிருந்தால் அது அவர் பாடு. பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்து மருந்தை நிறுத்துகிற வேலை மட்டும் வேண்டாம்.

இனி உங்கள் விஷயம். எச்பிஏ1சி, அதாவது நீங்கள் சொன்ன மூன்று மாதச் சராசரி, 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோயின் வாசல். உள்ளே போகாமல் திரும்பி வர நிறையவே வாய்ப்பு உண்டு. 2002இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், உங்களைப் போல வாசலில் நின்றவர்களுக்கு 7 சதவீத எடைக் குறைப்பு, வாரம் 150 நிமிட நடை என்று இலக்கு வைத்தார்கள். சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 72 கிலோவில் 7 சதவீதம் என்பது 5 கிலோ சொச்சம். ஆளே பாதியாக வேண்டிய அவசியமில்லை.

பேலியோ என்பது கற்கால மனிதர் சாப்பாடு என்று சொல்லித்தான் பிரபலமானது. 1985இல் பாய்ட் ஈட்டன், மெல்வின் கானர் என்ற இருவர் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு சூடு பிடித்தது. கறாரான பேலியோவில் அரிசி, கோதுமை மட்டுமல்ல, பருப்பும் கிடையாது, பாலும் கிடையாது. நம் ஊரில் பேலியோ என்று சொல்பவர்கள் நெய், வெண்ணெய், பனீர், தயிர் எல்லாம் வெளுத்துக் கட்டுகிறார்கள். குகை மனிதன் எந்த எருமையில் பால் கறந்தான் என்று நான் கேட்பதில்லை. நடைமுறையில் இது மாவுச்சத்தைக் குறைத்த சாப்பாடு, அவ்வளவுதான். அதுவும் புதிதில்லை. 1863இலேயே லண்டனில் இறுதிச் சடங்கு நடத்தும் தொழில் செய்த வில்லியம் பான்டிங் என்பவர், ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் விட்டு உடம்பு குறைத்ததைச் சின்னப் புத்தகமாகவே போட்டுவிட்டார்.

நமக்கு இது ஏன் பலன் தருகிறது என்றால், நம் தட்டு அப்படி. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. காலையில் இட்லி, மதியம் சோறு, சாயங்காலம் பஜ்ஜி, ராத்திரி தோசை. பொரியல் என்பது இலை ஓரத்தில் பொட்டு வைத்த மாதிரி. சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் தப்பித்தோம் என்று நினைப்பவர்களுக்காகவும் சொல்கிறேன்: 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம், கேழ்வரகில் 67, கோதுமை மாவில் 64. நார்ச்சத்தில் வித்தியாசம் உண்டு, நல்லதும்தான். ஆனால் நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் டயட் ஆகாது.

அதே சமயம், இது ஒன்றுதான் வழி என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும் கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இறங்கினார்கள். பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் 2018இல் முடிவு சொன்னார்கள். எனவே நீங்கள் கேட்க வேண்டியது, இரண்டு வருடம் கழித்தும் என் சமையலறையில் இது நடக்குமா என்பதைத்தான். சுத்தமாக நிறுத்துகிறவர்கள் தீபாவளி வரைதான் தாக்குப்பிடிக்கிறார்கள்.

அதனால் அளவை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து போனாலே, பொதுவாக அதை மாவுச்சத்து குறைந்த உணவு என்றுதான் கணக்கு. 50 கிராமுக்குக் கீழே இறங்குவது கீட்டோ. உங்களுக்கு அது தேவையில்லை. வெந்த சோறு 100 கிராமில், அதாவது ஒரு சின்னக் கிண்ணத்தில், 28 கிராம்தான் மாவுச்சத்து. மதியம் அந்த ஒரு கிண்ணம் இருக்கட்டும். காலையும் இரவும் அரிசி, கோதுமை, ரவை, மைதா எதுவும் வேண்டாம்.

தனிச் சமையல் ஆரம்பித்தீர்களானால் மூன்றாவது வாரம் நீங்களே வெறுத்துவிடுவீர்கள். வீட்டுக்கு வைக்கிற அதே குழம்பு, அதே கூட்டுதான். காயை மட்டும் இரண்டு மடங்கு வாங்குங்கள். ஒட்டன்சத்திரம் சந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்களுக்குக் காய்க்கு என்ன பஞ்சம்? அவரை, வெண்டை, சுரை, சௌசௌ, கோஸ், கத்தரி, கீரை எல்லாம் தாராளமாக. உருளை, சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி மட்டும் மகனுக்கு. தட்டில் முதலில் காயையும் முட்டையையும் போட்டுக்கொண்டு, சோற்றைக் கடைசியாகத் தொட்டுக்கொள்கிற மாதிரி வையுங்கள். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், பசி பாதி அடங்கும்.

குழம்பு ஊற்றிப் பிசைய ஏதாவது வேண்டும் என்று கை துடிக்கும். அதற்குக் காலிஃபிளவர். பலர் இதைக் கூழாக்கிவிட்டு, நன்றாகவே இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். பூவைப் பிரித்து மஞ்சள்தூளும் உப்பும் போட்ட வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். புழு இருந்தால் வந்துவிடும். எடுத்ததும் துருவாதீர்கள். துணியில் பரப்பி ஈரம் போக உலரவிட்டு, அப்புறம் துருவுங்கள். அகலமான வாணலியில் எண்ணெய் விட்டுப் பெரிய தீயில் வதக்க வேண்டும். மூடவே கூடாது, மூடினால் தண்ணீர் விட்டுக் குழைந்துவிடும். உப்பும் கடைசியில்தான். ஐந்து நிமிடத்தில் உதிரி உதிரியாக வரும். வத்தக்குழம்பும் மீன்குழம்பும் இதற்கு ஏற்றவை. சாம்பாருக்கு அவ்வளவாகச் சேராது, அது என் நாக்கு.

பாதாமை விடுங்கள். 100 கிராம் பாதாமில் புரதம் 21 கிராம், ஆனால் கலோரி 580ஐத் தொடும். மூன்று முட்டையில் புரதம் 18 கிராம், கலோரி சுமார் 210. நாமக்கல் இத்தனை பக்கத்தில் இருக்கும்போது கலிஃபோர்னியா பாதாமுக்கு ஏன் காசைக் கொட்ட வேண்டும்? காலையில் முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் போட்ட முட்டைப் பொரியலே போதும். சாயங்காலப் பசிக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலை. பேலியோ சட்டப்படி வேர்க்கடலை பருப்பு இனம், ஆகாது. நீங்கள் சட்டம் பார்க்க வேண்டாம். அதே மாதிரி செவ்வாய், வெள்ளியில் கெட்டித் தயிர், பனீர், தேங்காய் போட்ட கூட்டு, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் எல்லாம் சாப்பிடலாம். சுண்டலில் மாவுச்சத்து உண்டு, ஆனால் அரிசி போலச் சட்டென்று ஏற்றாது, புரதமும் கிடைக்கும். மற்ற நாட்களில் மத்தி, நெத்திலி, நாட்டுக்கோழி என்று கைக்கு எட்டியதைச் செய்யுங்கள். நெய்யையும் வெண்ணெயையும் குடிக்கச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். சிலருக்குக் கெட்ட கொழுப்பு, அதாவது எல்டிஎல், இந்த மாதிரி சாப்பாட்டில் நன்றாகவே ஏறிவிடுகிறது. யாருக்கு ஏறும் என்று பார்த்தால்தான் தெரியும். அதனால் இப்போது ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

முதல் வாரம் எடை இரண்டு மூன்று கிலோ இறங்கினால் ஊருக்கெல்லாம் சொல்லிவிடாதீர்கள். உடம்பில் சேமித்திருக்கும் சர்க்கரை ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்தத் தண்ணீர்தான் போகிறது. கூடவே தலைவலி, அசதி வரலாம். உப்புப் போட்ட நீர்மோர் உங்களுக்குச் சரி. கணவருக்கு உப்பு விஷயத்தில் டாக்டர் சொல்வதுதான். வேகமாக எடை குறைந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும். பயப்படாதீர்கள், பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். நிதானமாகக் குறைத்தால் அந்தத் தொல்லையும் குறையும்.

மகனை இதில் இழுக்கவே வேண்டாம். வளர்கிற பிள்ளை, பொதுத்தேர்வு வருடம். வயிறாரச் சோறு போடுங்கள், பாக்கெட் நொறுக்கையும் கலர் பானத்தையும் மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

மாமியாரிடம் வாதம் செய்யாதீர்கள். சோறு பொங்கத்தானே போகிறீர்கள்? "நிறுத்துகிறேன்" என்ற வார்த்தைதான் அவருக்கு அபசகுனமாகப் படுகிறது. "டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்கிறார் அத்தை" என்று சொல்லிப் பாருங்கள். அவருடைய சின்ன வயதில் உங்கள் பக்கத்து மானாவாரி ஊர்களில் மூன்று வேளையும் நெல்லுச்சோறா பொங்கினார்கள்? அவரையே கேளுங்கள், பிரண்டைத் துவையலிலிருந்து கீரைக் கடைசல் வரைக்கும் வரிசையாக வரும். அவர் வாயால் கம்பங்கூழையும் கொண்டாடுவார். கம்பிலும் மாவுச்சத்துதான், அவர்கள் அதைக் குடித்துவிட்டுப் பொழுதெல்லாம் காட்டில் வேலை செய்தார்கள் என்பதை மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். துவையலை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாத்தனார் மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஒரு வேளை விருந்தால் எதுவும் கெட்டுவிடாது. சாம்பாருக்கு மட்டும் சோறு வாங்கிக்கொண்டு, காய் வகைகளை இரண்டாம் முறை கேட்டு வாங்குங்கள். பாயசம் ஒரு வாய். உங்கள் கணவர் மட்டும் விருந்தை உத்தேசித்து ஒரு மாத்திரை கூடப் போடுகிற வழக்கம் இருந்தால் அதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். நம்மில் பலர் சத்தமில்லாமல் செய்கிற காரியம் அது. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பிரியாணியைப் பற்றிக் கேட்காமல் விட்டிருக்கிறீர்கள், அதனால் நானும் சொல்லவில்லை.

தேன், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை மூன்றுக்கும் ஒரே பதில்தான்: வேண்டாம். ரத்தத்தில் சேரும்போது எல்லாம் சர்க்கரைதான். காபியில் தினமும் கால் ஸ்பூன் குறைத்துக்கொண்டே வாருங்கள், இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.