முகநூலில் பெயரைத் திருத்துவதற்கு முன் இலக்கத்தைத் திருத்துங்கள்

கேள்வி: ஐயா, நான் பொகவந்தலாவைப் பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்தவள், இப்போது கல்வியியற் கல்லூரியில் பயில்கிறேன். 2015ஆம் ஆண்டு, எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, டவுனிலுள்ள கொமியூனிகேஷன் கடையில் எனக்கு முகநூல் கணக்குத் திறந்து தந்தார்கள். அதில் கடைக்காரரின் தொலைபேசி இலக்கமே இருக்கிறது. வயது போதாதென்று பிறந்த ஆண்டை 2000 என்று இட்டார்கள். பெயர் ‘பேபி சுகா’ என்றிருந்தது. சென்ற மாதம் என் சொந்தப் பெயருக்கு மாற்றினேன். அவசரத்தில் தந்தையின் பெயரைப் பிழையான எழுத்துக்கூட்டலில் இட்டுவிட்டேன், இப்போது மறுபடி மாற்ற விடவில்லை. கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது. இவற்றையெல்லாம் எப்படித் திருத்துவது? ஊர், பாடசாலை, தோட்டத்து விலாசம் ஆகியவற்றையும் சேர்க்கலாமா?

பதில்: சகோதரி, முகநூலில் பெயரை ஒருமுறை மாற்றினால் அடுத்த 60 நாட்களுக்கு மீண்டும் மாற்ற முடியாது. ஆகவே நீங்கள் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நாட்கள் வீணாகப் போவதில்லை, ஏனென்றால் உங்கள் கணக்கில் முதலில் திருத்த வேண்டியது பெயர் அன்று, கடைக்காரரின் இலக்கம்தான்.

கடவுச்சொல் உங்களிடம் இருப்பதால் கணக்கு உங்களுடையது என்று எண்ணுகிறீர்கள். ஆனால் ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்’ என்று யாராவது அழுத்தினால், புதிய கடவுச்சொல் அமைப்பதற்கான குறியீடு அந்தக் கணக்கில் பதிவாகியுள்ள இலக்கத்துக்கே போகும். அந்தக் கைப்பேசி யார் கையில் இருக்கிறதோ, கணக்கின் சாவியும் அவர் கையில்தான் இருக்கிறது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்கு உங்கள் கணக்கு நினைவில்கூட இல்லாதிருக்கலாம். ஆனால் அவர் அந்த சிம்மைக் கைவிட்டு, நீண்ட காலம் ரீலோட் செய்யாமல் அது செயலிழந்தால், தொலைபேசி நிறுவனம் அதே இலக்கத்தை முன்பின் தெரியாத ஒருவருக்கு வழங்கிவிடக்கூடும். ஹட்டனில் நான் கணினி வகுப்பு நடத்திய காலத்தில் என்னிடம் பயின்ற ஒருவரின் கணக்கு இப்படித்தான் கைமாறிப்போனது. அவர் தாயாரோடு எடுத்துக்கொண்ட ஒரேயொரு படமும் அந்தக் கணக்கில்தான் இருந்தது. மலையகத்தில் என் தலைமுறைக்கும் உங்கள் தலைமுறைக்கும் முதல் கணக்கைத் திறந்து தந்தவர்கள் பெரும்பாலும் கடைக்காரர்களும் அண்ணன்மாரும்தான் என்பதால், உங்கள் தோழியரிலும் பலருக்கு இதே நிலை இருக்கக்கூடும். அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

முகநூல் செயலியில் மெனுவைத் திறந்து, செட்டிங்ஸ் என்பதற்குள் சென்றால், ‘அக்கவுண்ட்ஸ் சென்டர்’ என்ற பகுதி தென்படும். அதில் ‘பர்சனல் டீடெய்ல்ஸ்’ என்பதையும் அதற்குள் ‘கொன்டாக்ட் இன்ஃபோ’ என்பதையும் திறந்து, முதலில் உங்கள் சொந்த இலக்கத்தைச் சேர்த்து, குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டை இட்டு உறுதிப்படுத்துங்கள். ஒரு மின்னஞ்சல் முகவரியையும் அவ்வாறே சேருங்கள். இவை இரண்டும் உறுதியான பின்னரே கடைக்காரரின் இலக்கத்தை நீக்க வேண்டும். வரிசை மாறினால், உங்களைச் சென்றடைய எந்த வழியும் இல்லாத கணக்காக அது ஆகிவிடும். லயத்துக்குள் இருந்துகொண்டு இதைச் செய்யாதீர்கள். நம் தோட்டங்கள் பலவற்றில் சிக்னல் மேட்டில் இருக்கும், பள்ளத்தில் இருக்காது. குறுஞ்செய்தி தாமதித்து வருவதற்குள் குறியீடு காலாவதியாகிவிடும், மீண்டும் மீண்டும் கேட்டால் சிறிது நேரம் தடையும் விழும். சிக்னல் நிலையாகக் கிடைக்கும் இடத்தில் ஆறுதலாக உட்கார்ந்து செய்யுங்கள்.

நீங்கள் சேர்க்கும் உங்கள் இலக்கத்தின் சிம் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். அப்பாவின் அல்லது அண்ணனின் அடையாள அட்டையைக் கொடுத்து எடுத்த சிம்மையே நம் பிள்ளைகள் பலர் பாவிக்கிறார்கள். கைப்பேசி தொலைந்தால் அதே இலக்கத்துக்குப் புதிய சிம் பெறுவதற்கு, அது யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே நேரில் போக வேண்டியிருக்கும். அவர் வெளிநாட்டில் வேலையில் இருந்தால் என்ன செய்வீர்கள்? உங்களுக்கு அடையாள அட்டை கிடைத்துவிட்ட நிலையில், சிம்மை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வதே முறை.

இலக்கம் மாறிய அன்றே கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். ‘பாஸ்வேர்ட் அண்ட் செக்யூரிட்டி’ என்ற பகுதியில், உங்கள் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்ற பட்டியல் கிடைக்கும். அறியாத கருவி எதுவாயினும், பழைய கடைக் கணினியாயினும், அங்கிருந்தே வெளியேற்றிவிடலாம். அதே பகுதியில், கடவுச்சொல்லுடன் ஒரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பையும் இயக்குங்கள். குறுஞ்செய்தியை நம்பாமல் கைப்பேசியிலேயே குறியீடு உருவாக்கும் ஒத்தென்டிகேட்டர் செயலியை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், அதற்கு சிக்னலே தேவையில்லை என்பதுதான். கூடவே முகநூல் தரும் 10 மீட்புக் குறியீடுகளை ஒரு கொப்பியில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் இடத்தில் வையுங்கள்.

அடுத்தது பிறந்த திகதி. முகநூலில் கணக்குத் திறப்பதற்குரிய குறைந்த வயது 13 என்பதால்தான் அன்று 2000 என்று இட்டார்கள். இப்போது நீங்கள் வளர்ந்தவர்; உண்மையான ஆண்டை இடுவதில் தடையில்லை. ஒருநாள் கணக்கு முடங்கி அடையாளம் கேட்கப்பட்டால் அட்டையிலுள்ள ஆண்டும் கணக்கிலுள்ள ஆண்டும் ஒத்திருப்பது உங்களுக்குப் பெரிய பலம், ஆகவே இதைத் திருத்தத்தான் வேண்டும். ஆண்டுப் பட்டியலை விரலால் உருட்டும்போது மட்டும் கவனமாக இருங்கள். 2004 என்பதற்குப் பதிலாக 2014 பதிவாகிவிட்டால், சிறுவர் ஒருவரின் கணக்கு என்று கருதி அது முடக்கப்படலாம். பிறந்த திகதியை மாற்றிய கையோடு மறுபடி மாற்றவும் விடமாட்டார்கள்.

திகதியைச் சரியாக இட்டபின், அதை யார் பார்க்கலாம் என்பதை ‘ஒன்லி மீ’, அதாவது எனக்கு மட்டும், என்று அமைத்துவிடுங்கள். நாளுக்கும் மாதத்துக்கும் ஓர் அமைப்பு, ஆண்டுக்கு இன்னொன்று என இரண்டு இருக்கும். வாழ்த்துப் பெற விரும்பினால் நாளையும் மாதத்தையும் நண்பர்களுக்குக் காட்டலாம். ஆண்டைக் காட்டவே வேண்டாம். நம் நாட்டில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்கத் தேசிய அடையாள அட்டை எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டில் அது எத்தனையாவது நாள் என்பது. பெண்களாயின் அத்துடன் 500 கூட்டப்படும். 2004 பெப்ரவரி 10ஆம் திகதி பிறந்த ஒரு பெண்ணின் எண் 2004541 என்று தொடங்கும். பிறந்த திகதியை ஊரறிய எழுதிவைப்பவர், தம் அடையாள அட்டை எண்ணில் பாதிக்கு மேல் எழுதிவைத்தவர் ஆகிறார். அந்த எண்ணைச் சொன்னதுமே நம்பிவிடும் இடங்கள் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும்.

இனிப் பெயருக்கு வருவோம். நம் மக்களின் பெயர்கள் ஆவணங்களில் பட்ட பாடு சொல்லி முடியாதது. பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதினார். பாடசாலையில் சேர்த்தபோது ஆசிரியர் தமக்குச் சரியென்று பட்டதை எழுதினார். அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோது மூன்றாவது விதமாக ஆயிற்று. ஒரே வீட்டில் ஆவணப்படி அக்காள் ‘லெட்சுமி’ மகள், தங்கை ‘லக்ஷ்மி’ மகள் என்று இருப்பது நமக்கு வியப்பில்லை. ஆகவே, உங்கள் பெயரை நினைவிலிருந்து எழுதாதீர்கள். நாளை ஒரு சிக்கல் வந்தால் எந்த ஆவணத்தைக் காட்டப்போகிறீர்களோ, அது அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ, அதை மேசையில் வைத்துக்கொண்டு ஓர் எழுத்தும் பிசகாமல் பார்த்து எழுதுங்கள். அந்த ஆவணத்திலேயே பிழை இருக்கிறதென்றால், அதைத் திருத்தும் வேலை பிரதேச செயலகத்தில் தொடங்க வேண்டியது. அதை முடித்துக்கொண்டு முகநூலுக்கு வருவதே நல்லது.

முகநூல் முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களைத் தரும். நமக்கோ குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரே முன்னால் நிற்கும். முதற்பெயர்க் கட்டத்தில் உங்கள் பெயரையும், கடைசிப் பெயர்க் கட்டத்தில் தந்தையின் முழுப் பெயரையும் இடுங்கள். ஆவணத்தில் வரிசை மாறியிருந்தாலும் இரு பெயர்களும் அதில் இருப்பதுதான் முக்கியம். புள்ளியிட்ட ஒற்றை முதலெழுத்தைத் தவிர்ப்பதே நல்லது. எண்கள், குறியீடுகள், ஒரே எழுத்தைப் பலமுறை இழுத்து எழுதுதல் ஆகியவற்றை முகநூல் ஏற்பதில்லை. பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் எழுதுவதும் கூடாது. நாளை நியமனம் கிடைத்ததும் பெயருடன் ‘டீச்சர்’ என்று சேர்க்க ஆசை வரும். பட்டங்களுக்கும் பதவிகளுக்கும் அங்கே அனுமதி இல்லை, அதைப் பணி விபரத்தில் எழுதுங்கள்.

‘பேபி சுகா’ என்ற பெயரால் மட்டுமே உங்களை அறிந்தவர்களும் இருப்பார்கள். அதற்காகப் பிரதான பெயரைக் குழப்ப வேண்டியதில்லை. ‘அதர் நேம்ஸ்’ என்ற இடத்தில் வீட்டுப் பெயரை, அல்லது தமிழ் எழுத்தில் உங்கள் பெயரை, தனியே சேர்க்கலாம். கணக்கின் முகவரியில் வரும் யூசர்நேம் வேறு, பெயர் வேறு என்பதையும் கவனியுங்கள். பெயர் மாறினாலும் யூசர்நேமில் பழைய ‘பேபி’ அப்படியே நிற்கும். அதை அக்கவுண்ட்ஸ் சென்டரில் தனியாகத் திருத்த வேண்டும்.

முகநூல் எப்போதாவது அடையாளம் கேட்டால், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், சாரதி அனுமதிப்பத்திரம் போன்ற ஏதேனும் ஓர் அரச ஆவணம் போதும். அவை இல்லாதவர் மாணவர் அட்டை, நூலக அட்டை போன்ற இரண்டை அனுப்பலாம். செயலிக்குள் அது தானாகக் காட்டும் பக்கத்தில் மட்டுமே படத்தை ஏற்றுங்கள். ‘உங்கள் கணக்கு நாளை மூடப்படும், அடையாள அட்டையை அனுப்புங்கள்’ என்று மெசெஞ்சரிலோ வாட்ஸ்அப்பிலோ வருபவை அத்தனையும் மோசடி. கடையில் அட்டையை ஸ்கேன் செய்ய நேர்ந்தால், அந்தக் கணினியிலிருந்து படத்தை அழிக்கச் சொல்லி, அழித்ததைப் பார்த்துவிட்டு வாருங்கள். இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஊர், பாடசாலை பற்றிய கேள்வி எளிது. பாடசாலையைச் சேருங்கள், பழைய தோழியர் உங்களைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழியில்லை. ஊர் என்ற இடத்தில் பொகவந்தலாவை என்பதே போதும். தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் லய இலக்கத்தையும் எழுத வேண்டாம் என்று நான் சொல்வது பாதுகாப்புக்காக மட்டுமே. தோட்டம் என்று தெரியக்கூடாதென்று ஊரை கொழும்பு என்றோ கண்டி என்றோ மாற்றி எழுதும் பிள்ளைகளைப் பார்த்து நான் பலமுறை வருந்தியிருக்கிறேன். நீங்கள் அப்படிச் செய்யாதிருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. பெயர், பால், முகப்புப் படம், பக்கத்தின் மேலே வரும் கவர் படம் ஆகியவை எப்போதும் எல்லோருக்கும் தெரியும். புதிய முகப்புப் படம் வைத்தால் பழையது அழிந்துவிடாது, அல்பத்தில் இருக்கும். பதினொரு வயதுப் படங்கள் அங்கே கிடந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து, பார்ப்பவர் யார் என்பதை மாற்றுங்கள் அல்லது அழியுங்கள்.

வேலைகளை நடுவில் நிறுத்தாமல், முதல் வாரத்தில் இலக்கத்தையும் கடவுச்சொல்லையும், பின்னர் பிறந்த திகதியையும் முடித்துவிடுங்கள். இடையில் யாராவது உங்கள் கணக்குக்குள் புகுந்ததாகத் தெரிந்தால், இலங்கை சேர்ட் எனப்படும் கணினி அவசர உதவி அமைப்பை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். 60 நாட்கள் முடிந்ததும் பெயரை மாற்றும் பக்கத்தில், சேமிப்பதற்கு முன் முன்தோற்றம் ஒன்று காட்டப்படும். அதை ஆவணத்துடன் ஒருமுறை ஒப்பிட்டு, வீட்டில் இன்னொருவரிடமும் வாசிக்கக் கொடுத்து, அதன்பின் கடவுச்சொல்லை இட்டுச் சேமியுங்கள். வெளிநாட்டிலிருக்கும் உறவினருக்கு முதல்நாளே தொலைபேசியில் சொல்லி வையுங்கள். புதிய பெயரைப் பார்த்து யாரோ என்று எண்ணி அவர்கள் உங்களை நட்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிடக் கூடும்.