கிராஞ்சியில் கல்லறை இல்லையென்றால்

வணக்கம். இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் மலாயாவில் காணாமல்போன பெரிய தாத்தாவின் கல்லறையைச் சிங்கப்பூரில் உள்ள கிராஞ்சி போர்க் கல்லறைத் தோட்டத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உடல் கிடைக்காதவருக்கு அங்கே தனிக் கல்லறை இருக்காது. குன்றின் உச்சியில் விமானச் சிறகுபோல் நிற்கும் நினைவுச்சின்னத்தின் சுவர்களைப் பாருங்கள். அப்படிக் கல்லறை தெரியாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. அதன் பின்புறம் இருப்பதையும் தவறவிடாதீர்கள், பலர் அங்கே போவதே இல்லை: தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கான சின்னம் அது, பெரும்பாலோர் இந்தியப் படையினர்.

கண்ணால் தேடினால் பொழுது போய்விடும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் முதலில் தேடுங்கள்; பெயர் எந்த வரிசையில் என்ற எண் கிடைக்கும். நம் பெயர்களை அன்றைய எழுத்தர்கள் ஆங்கிலத்தில் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதிவைத்திருப்பார்கள். ஆகவே எழுத்துகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். படைப்பிரிவு, படை எண் தெரிந்தால் இன்னும் நல்லது. பழைய ஓய்வூதியத் தாள்களில் இருக்கலாம். பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் உண்டு. அதை ஒப்பிட்டுப் பார்க்காமல் அவர்தான் என்று முடிவு கட்டாதீர்கள், ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் கடுமை.