முகூர்த்த நாளும் வருகைப் பதிவேடும்

அன்புள்ள ஐயா,

ஓர் அரசு கலைக் கல்லூரியில் கணிதத் துறையில் கௌரவ விரிவுரையாளராக வேலை பார்க்கிறேன். முதல் வருடம், இரண்டாம் வருடம் இரண்டுக்கும் வகுப்பு எடுக்கிறேன். இந்த ஜூலையில் 60 பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள். செப்டம்பர் முடிவதற்குள் 15 பேரைக் காணவில்லை. இரண்டாம் வருடப் பட்டியலில் 48 பெயர்கள் இருக்கின்றன. வகுப்பில் 30 பேருக்கு மேல் நான் பார்த்ததே இல்லை.

மென்டர் முறையில் வரிசை எண்படி எனக்கு 25 பேரை ஒதுக்கியிருக்கிறார்கள். படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்குவதோடு அது முடிந்துவிடுகிறது. ‘ஸ்லோ லேர்னர்’ என்று 18 பேரைப் பிரித்து மாலையில் சிறப்பு வகுப்பு வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் நான்கு பேர்தான் வந்தார்கள். “படிக்கிறவன் வருவான், மத்தவனைக் கையைப் பிடிச்சா இழுத்துட்டு வர முடியும்?” என்கிறார் துறையில் மூத்தவர் ஒருவர். அரசு மாதம் 1000 ரூபாய் கொடுக்கிறது, பஸ் பாஸ் இலவசம், இன்னும் என்னதான் செய்வது என்றும் சிலர் கேட்கிறார்கள். நீங்கள் கல்லூரியில் பாடம் நடத்தியவர் என்பதால் கேட்கிறேன். இந்தப் பிள்ளைகளை எப்படித் தக்கவைப்பது?

க.

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நீக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள க,

15 பேர் ‘நின்றுவிட்டார்கள்’ என்று நீங்கள் எழுதவில்லை. ‘காணவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் சரியான சொல். எட்டு வருடம் கல்லூரியில் தமிழ் நடத்தினேன். “சார், நான் படிப்பை விடுறேன்” என்று சொல்லிவிட்டுப் போன மாணவன் ஒருவன்கூடக் கிடையாது. முதலில் திங்கட்கிழமை வரமாட்டான். அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள். அப்புறம் வந்தாலும் கடைசி பெஞ்சு. ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வராமல் போய்விட்டால், மறுபடி வகுப்புக்குள் நுழையவே கூச்சம் வந்துவிடும். ‘எங்கேப்பா போயிருந்த’ என்று எல்லார் முன்னாலும் கேட்பார்களே என்ற பயம். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து இன்னொரு வாரம். டி.சி. வாங்க அவன் ஆபீசுக்கு வரும்போது ஒரு வருடம் ஓடியிருக்கும். அவனை இழந்தது எந்த நாளில் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கெட்டிக்காரன். யாப்பு நடத்தினால் அசை பிரிப்பதில் வகுப்பிலேயே வேகம் அவன்தான். ஆடி மாதம் முழுக்க ஒரு நாள் தவறவில்லை. ஆவணி பிறந்ததும் விட்டுவிட்டு வர ஆரம்பித்தான். புரட்டாசியில் மறுபடி ஒழுங்காக வந்தான். ஐப்பசியில் பழைய கதை. கூப்பிட்டுத் திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அப்போதுதான் அவன் சட்டையின் கை மடிப்பைப் பார்த்தேன். பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகக் கறை. எங்கள் வீட்டில் வாழைத்தார் வெட்டிய அனுபவம் இருப்பதால் எனக்குத் தெரியும், வாழைக்கறை எத்தனை துவைத்தாலும் போகாது. பந்தி பரிமாறப் போகிறாயா என்று கேட்டேன். ஆமாம் என்றான். சமையல் கான்ட்ராக்டரிடம் வேலை. கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை நான்கு மணிக்கே மண்டபத்துக்குப் போய்விட வேண்டும். காய் நறுக்கி, இலை அறுத்து, ராத்திரி பந்தி முடித்து, அங்கேயே இரண்டு மணி நேரம் படுத்து, காலை டிபனும் மதியச் சாப்பாடும் பரிமாறிவிட்டு வீடு போனால் 600 ரூபாய். மறுநாள் அசதி. ஆக, ஒரு முகூர்த்தத்துக்குக் கல்லூரியில் இரண்டு நாள் போய்விடும்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் தினசரிக் காலண்டரையும் வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவன் பெயருக்கு எதிரே விழுந்த ‘ஆ’ (ஆப்சென்ட்) எல்லாம் முகூர்த்த நாளிலும் அதற்கு மறுநாளிலும் இருந்தன. அவன் மட்டுமல்ல, இன்னும் ஆறு பேர் அதே மாதிரி. கல்யாணம் நடக்காத ஆடியிலும் புரட்டாசியிலும் என் வகுப்பு நிறைந்திருந்ததற்கு என் பாடம் காரணம் இல்லை என்பது அன்றுதான் புரிந்தது.

இதை உங்களுக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. உங்கள் ஊரில் அது பந்தியாக இல்லாமல் பெயின்ட் வேலையாக இருக்கலாம், காய்கறி மண்டியில் லோடு இறக்குவதாக இருக்கலாம், செல்போன் கடையாக இருக்கலாம். பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பிள்ளை வராத நாளுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவன் சோம்பேறி இல்லை, அவனுக்கு இன்னொரு வேலை இருக்கிறது.

அந்த வேலையை விடு என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. ஆனால் கணக்கைச் சொல்லிக்கொடுக்கலாம், அதிலும் நீங்கள் கணக்கு டீச்சர். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள். தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பதுதான் பொதுவான விதி. அப்படியென்றால் 22 நாள் வரை ஒருவன் வராமல் இருக்கலாம். பிள்ளைகளுக்கு இது தெரியாது. ஐந்து நாள் போனதுமே ‘எல்லாம் போச்சு’ என்று நினைத்து மொத்தமாக விட்டுவிடுகிறவனும் உண்டு, 40 நாள் போன பிறகும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவனும் உண்டு. நான் அந்த ஏழு பேரையும் உட்காரவைத்து, “உங்ககிட்ட இருக்கிறது 22 நாள், இதுவரை இத்தனை செலவாயிடுச்சு, மிச்சத்தைப் பார்த்துச் செலவு பண்ணுங்க” என்றேன். திட்டியபோது எதுவும் மாறவில்லை. இதைச் சொன்ன பிறகு ஐந்து பேர் தேர்வு எழுதினார்கள்.

அடுத்தது முதல் செமஸ்டர் ரிசல்ட். என் அனுபவத்தில் அதிகம் பேர் உதிர்வது அந்த வாரத்தில்தான். ஒரு பெண் மதிப்பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: “சார், ஆர்.ஏ.ன்னு போட்டிருக்கே, அப்ப நான் பெயிலா? மறுபடி முதல் வருஷமா?” ஆர்.ஏ. என்றால் ரீ-அப்பியர், மறுபடி எழுத வேண்டிய தாள், அதாவது அரியர். இங்கிலீஷ், மேஜரில் ஒரு தாள் என்று இரண்டில் போயிருந்தது. அரியர் என்ற சொல்லை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள், ஆனால் அரியரோடு அடுத்த செமஸ்டர் வகுப்பில் உட்காரலாம், அடுத்த தேர்வோடு சேர்த்து அந்தத் தாளையும் எழுதலாம் என்பது அவளுக்குத் தெரியாது. அண்ணன், அக்கா, சித்தப்பா என்று யாராவது கல்லூரியில் படித்திருந்தால் சாப்பாட்டுப் பேச்சிலேயே இதெல்லாம் காதில் விழுந்திருக்கும். அவள் வீட்டில் அப்படி யாரும் இல்லை. பெயில் ஆனால் வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்பதே அந்த வீட்டுக்குத் தெரிந்த சட்டம். அந்தப் பெண் என்னிடம் வந்து கேட்டாள். கேட்காமல் போனவர்கள் எத்தனை பேரோ, நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

எனவே ரிசல்ட் வருவதற்கு முன்பே ஒரு மணி நேரம் ஒதுக்கி, அரியர் என்றால் என்ன, தேர்வுக் கட்டணம் ஒரு தாளுக்கு எவ்வளவு, கடைசித் தேதி எது, இன்டர்னல் மார்க்கை எப்படிக் காப்பாற்றுவது என்று விண்ணப்பப் படிவத்தைக் கையில் கொடுத்தே சொல்லிவிடுங்கள். உங்கள் இரண்டாம் வருட மாணவர்களில் அரியர் வைத்து அப்புறம் தேறிய ஒருவரைப் பேசச் சொன்னால் இன்னும் நல்லது.

பெண்பிள்ளைகள் விஷயம் வேறு. அவர்கள் காணாமல் போவது பெரும்பாலும் இரண்டாம் வருடம் தை மாதத்துக்குப் பிறகு. பதினெட்டு முடிந்துவிடும், பெண் பார்க்க வருவார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் 1000 ரூபாய் அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. தொகை சின்னதுதான். ஆனால் “படிக்கிற வரைக்கும்தானே வருது, முடிச்சிடட்டுமே” என்று வீட்டில் பேச ஒரு பிடி கிடைக்கிறது. அப்பாவிடம் பேச வேண்டியிருந்தால் இந்தப் பிடியை நீங்களும் பயன்படுத்துங்கள். 2024 ஆகஸ்டில் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் வந்துவிட்டது. பணம் போதாதா என்று கேட்கும் உங்கள் சகாக்களிடம் சொல்லுங்கள், பணம் வாசல் வரை கொண்டுவரும், உள்ளே உட்காரவைக்க மனிதர்தான் வேண்டும்.

சிறப்பு வகுப்புக்கு நான்கு பேர்தான் வந்தார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயரை இன்றே விட்டுவிடுங்கள். கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் குழுவுக்குக் காட்டும் கோப்பில் ‘ஸ்லோ லேர்னர்’ என்று எழுதத்தான் வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், பிள்ளைகள் காதில் விழக் கூடாது. பதினேழு வயதுப் பிள்ளை, ஊரில் ‘காலேஜ் படிக்குது’ என்று பெயர் வாங்கி வந்திருக்கிறது. அதை மந்தம் என்று பிரித்து உட்காரவைத்தால் மறுநாள் எப்படி வரும்?

உங்கள் பாடத்திலேயே ஒரு கதை உண்டு. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற ஆய்வு மாணவர் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பள்ளியில் நன்றாகப் படித்து வந்த கறுப்பின மாணவர்கள் முதல் வருட கால்குலஸில் தொடர்ந்து தோற்றார்கள். ஆர்வமில்லை, வீட்டில் அக்கறையில்லை, அடிப்படை சரியில்லை, வறுமை என்று நம் ஸ்டாஃப் ரூமில் கேட்கும் அதே காரணங்களை அங்கும் சொன்னார்கள். ட்ரைஸ்மன் அந்த மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். அவர்கள் கடுமையாக உழைத்தார்கள், ஆனால் தனியாக உழைத்தார்கள். தேறிவந்த சீன மாணவர்களோ தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் கூட்டமாக உட்கார்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் திருத்தினார்கள். எல்லாருக்கும் வராத கணக்கு என்றால் அது கஷ்டமான கணக்கு, தன் தலையில் கோளாறு இல்லை என்று தெரிந்துகொண்டார்கள். ட்ரைஸ்மன் பலவீனர்களுக்கான வகுப்பு என்று எதுவும் வைக்கவில்லை. மற்றவர்களைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூட்டாகப் போடச் சொன்னார். அதில் கலந்துகொண்டவர்கள் நன்றாகவே தேறினார்கள்.

இதை உங்கள் கல்லூரியில் எப்படிச் செய்வது? மாலையில் யாரும் தங்க மாட்டார்கள், பஸ் போய்விடும். எனக்குத் தோன்றுவது இது. உங்கள் 25 பேரை வரிசை எண்ணை விட்டுவிட்டு பஸ் ரூட் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள் நான்கைந்து பேர் ஒரு குழு, முடிந்தால் அதே ரூட்டில் வரும் இரண்டாம் வருடப் பிள்ளை ஒருவரும் கூட. வாரத்துக்கு இரண்டே கணக்கு, நல்ல கடினமான கணக்காகக் கொடுங்கள். பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் முக்கால் மணி நேரத்தில் நிழற்குடையிலேயே போடட்டும். சாதி பார்த்து ஒட்டிக்கொள்ளும் கூட்டமாக அது ஆகிவிடாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், சில ஊர்களில் ரூட் என்பதே தெருவாக இருக்கும். இதில் இன்னொரு லாபம், ஒருவன் வரவில்லை என்றால் அன்று காலை எட்டரை மணிக்கே மற்ற மூன்று பேருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்துவிடும். செப்டம்பர் முடிவில் தெரியவேண்டிய அவசியமில்லை.

பஸ்ஸை இப்படிச் சேர்த்துக்கொள்வது நான் புதிதாகக் கண்டதில்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் இரண்டாண்டுக் கல்லூரிகளில் 2007இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், கட்டணத்தில் விழும் துண்டை அடைத்தார்கள், புத்தகத்துக்கு உதவினார்கள், மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆலோசகரை வைத்தார்கள். அதோடு நகரப் போக்குவரத்துக்கு இலவச அட்டையும் கொடுத்தார்கள், ஆலோசகரைப் பார்ப்பது முதலான திட்ட விதிகளின்படி நடப்பவர்களுக்கு மட்டும். குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆராய்ந்ததில், மூன்று வருடத்தில் படிப்பை முடித்தவர்கள் திட்டத்தில் இருந்தோரில் 40 சதவீதம், இல்லாதோரில் 22 சதவீதம். பணமும் இருந்தது, மாதாமாதம் முகம் பார்த்துப் பேச ஓர் ஆளும் இருந்தார்.

உங்கள் மூத்தவர் சொன்னதற்கு என் பதில். நானே காணாமல் போனவன்தான். முதல் வருடம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், மூன்று வாரம் மாமாவின் எண்ணெய்க் கடையில் நின்றேன். கல்லூரி ஆபீசில் வருகைக் கணக்கு எழுதுகிறவர் எங்கள் ஊர்ப் பையன் ஒருவனிடம் துண்டுச் சீட்டு கொடுத்தனுப்பினார். ‘சனிக்கிழமைக்குள் வா, மெடிக்கல் சர்டிபிகேட் இருந்தால் கொண்டு வா, இல்லாவிட்டாலும் வா.’ அந்தக் கடைசி இரண்டு சொல்லுக்காகத்தான் போனேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர முடியும், க. என்னை ஒருவர் அப்படி இழுத்திருக்கிறார்.

உங்கள் வேலையே வருடத்துக்கு வருடம் உறுதியில்லாதது என்று எனக்குத் தெரியும். 60 பேரையும் நீங்கள் ஒருவரே தாங்க முடியாது, தாங்கவும் வேண்டாம். 25 பேர் போதும். இப்போது கார்த்திகை, மார்கழியில் முகூர்த்தம் இல்லை, பிள்ளைகள் வருவார்கள். அதற்குள் ரூட் பிரித்துவிடுங்கள். காணாமல் போன 15 பேரின் போன் நம்பரை ஆபீசில் வாங்கி, ஒரு நாளைக்கு மூன்று பேர் என்று கூப்பிடுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். எந்த பஸ்ஸில் வருவாய் என்று கேளுங்கள்.